பதினொரு களிமண் பொம்மைகளும் ஒரு வியாழக்கிழமையும்

1. திங்கட்கிழமை காலை

"அக்கா, கெதியா மேல வாங்கோ. உந்தக் கையில இருக்கிறதை அப்பிடியே வச்சிட்டு வாங்கோ."

தாரணி போனில் அப்படிக் கத்துகிற பிள்ளை இல்லை. எங்கள் நூதனசாலையில் ரெஜிஸ்ட்ரார் வேலை அவளுக்கு. எந்தப் பழம்பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பாள். இங்கே கனடாவிலேயே, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். எரிகிற வீட்டுக்குள் நின்றாலும் ஈமெயில்தான் போடுவாள். அவள் கத்தினால் ஏதோ பெரிய சங்கதி.

நான் ஏப்ரனோடு படியேறி ஓடினேன். இரண்டாம் மாடி மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே பதினொரு எகிப்திய மண் பொம்மைகள். சனிக்கிழமை மத்தியானம் நானே நிறுத்தி வைத்தவை. அன்றைக்கு மண் நிறமாக இருந்த முகங்களில் இப்போது வெள்ளையாய், பூஞ்சணம் பிடித்ததுபோல ஏதோ பூத்திருந்தது. ஏழாவது பொம்மைக்கு முகமே கழன்று, தூளாகக் காலடியில் கிடந்தது.

"அக்கா, வட் இஸ் திஸ்? ஃபங்கஸா?"

"உப்பு," என்றேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

2. என் வேலையும் அந்தப் பொம்மைகளும்

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமையாகச் சொல்ல நாலைந்து கதை என்னிடம் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் எழுதமாட்டார்கள்.

ரொறன்ரோவில் ஒரு சிறிய நூதனசாலையில் இருபத்திரண்டு வருடம் மௌண்ட் செய்கிறவளாக வேலை செய்தேன். காட்சிப் பெட்டிக்குள் ஒரு சாமான் விழாமல் நிற்கப் பித்தளைக் கம்பியை வளைத்து, உராயாமல் சிலிக்கன் குழாய் போட்டு, தாங்கி செய்யவேண்டும். பார்க்க வருகிறவருக்குக் கம்பி தெரியக்கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் தையல் படித்த கை இது. கம்பியும் ஒருவகையில் நூல்தான் என்று சொல்லித்தான் இன்டர்வியூவில் வேலை எடுத்தேன்.

அந்தப் பொம்மைகள் அமெரிக்காவிலிருந்து இரவலாக வந்தவை. ஒரு சாண்கூட இல்லாத உயரம். சூளையில் சுடாத வெறும் ஆற்று மண், வெயிலில் காயவைத்தது. மார்பில் கறுப்பு மையால் ஒரு வரி எழுத்து. செத்தவரோடு கல்லறைக்குள் வைக்கிற வேலைக்காரர்கள் என்று தாரணி விளங்கப்படுத்தினாள். மறுமையில் செத்தவரை வயல் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். அப்போது இந்தப் பொம்மை "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுத்து அவருக்குப் பதிலாக எழும்பிப் போகவேண்டுமாம்.

"வசதியான ஆக்களெண்டால் நாளுக்கொண்டு, அதுகளை மேய்க்க மேஸ்திரிமார் வேற. எல்லாமா ஃபோர் ஹண்ட்ரட் அண்ட் வன், அக்கா," என்றாள்.

"நாலுநூற்றியொண்டோ? அப்ப எங்கட 401 ஹைவே ட்ரஃபிக்கில நிக்கிற ஆக்கள்தான்," என்றான் அமலன். "நான் காலமை அஜக்ஸிலயிருந்து வரேக்க அவ்வளவு பேரையும் பாத்தனான்."

அமலன் எங்கள் கட்டடத்தின் காற்றையும் ஈரப்பதத்தையும் பார்க்கிறவன். மன்னார்ப் பெடியன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், நாற்பதை எட்டுகிற வயது. மாரிக் குளிரில் ரொறன்ரோக் காற்று எலும்பு மாதிரிக் காய்ந்துபோகும். மண், மரம், துணி எல்லாம் வெடிக்கும். மண்டபத்து ஈரப்பதத்தை ஐம்பதில் பிடித்து வைப்பது அவனுடைய மெஷின்தான். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எடுத்திருந்தார்கள், உப்புப் பூத்த அந்த வாரத்தோடு அது முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. அதற்கு முதல் பத்து வருடம் ஏஜென்சி வேலையாய் அலைந்தவன். "அக்கா, இது கிடைச்சால் நான் ஒரு இடத்தில நிண்டிடுவன்," என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பான்!

3. பெட்டியைத் திறந்தது

பொம்மைகள் இருந்த பெட்டி வந்தது அந்தத் திங்களுக்கு முந்திய வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டு மணிக்கு. தை மாதம், வெளியே மைனஸ் இருபது. ட்ரக்கில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, பெட்டி பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பெட்டியை இருபத்துநாலு மணி நேரம் திறக்கக்கூடாது. மூடியபடியே அறையில் வைக்கவேண்டும், உள்ளே இருப்பது மெல்ல மெல்லச் சூடேறும். குளிர்ந்த சாமானைத் திடீரென்று சூட்டுக்குள் எடுத்தால், குளிருக்குள்ளிருந்து வீட்டுக்குள் வந்த மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல அதன்மேல் ஈரம் படியும். சுடாத மண் அந்த ஈரத்தைக் குடிக்கும். மண்ணுக்குள் கிடக்கிற உப்புக் கரையும். பிறகு காயும்போது அந்த உப்பு மேலே வந்து பூக்கும், பூக்கும்போது மேல்தோலைக் கிளப்பிவிடும். இதெல்லாம் எனக்குப் பாடம். புதிதாய் வந்தவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் திறக்கவேண்டும். திறந்த பிறகு ஒவ்வொரு பொம்மையையும் நான் கையில் எடுத்து அளக்கவேண்டும். அளக்காமல் கம்பி வளைக்க ஏலாது.

வெள்ளிக்கிழமை. அதுதான் எனக்குச் சிக்கல்.

என் மகள் விட்பியில் இருக்கிறாள். இரண்டு பிள்ளை தங்காமல் போய், மூன்றாவதாக அப்போது ஏழு மாதம். அந்தப் பிள்ளைக்காக நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் முழுகி, ஒரு நேரச் சாப்பாடு, பின்னேரம் கோயில். விரத நாளில் செத்தவீட்டுக்குப் போவோமா? மாட்டோம். இது கல்லறைக்குள்ளிருந்து எடுத்த சாமான். மற்ற நாளென்றால் கையுறை போட்டுத் தொட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தோய்ந்துவிட்டுச் சோறு தின்பேன், எனக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மனம் இடம் கொடுக்கவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சாவுக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். மகளின் வயிற்றை நினைத்தால் எந்த நியாயமும் எடுபடவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு எல்லோரும் போனார்கள். தனியாக ஒருவர் பெட்டி திறக்கக்கூடாது என்பதும் விதிதான். நான் ஸ்குரூவைக் கழற்றினேன். உள்ளே கை வைத்தபோது ஃபிரிட்ஜுக்குள் வைத்ததுபோல இருந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, மட்டையில் உருவம் வெட்டி, திரும்ப ஃபோமுக்குள் வைத்தேன். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. நாலைந்து பொம்மை எடுத்த பிறகு மண் கொஞ்சம் கறுத்ததுபோல இருந்தது. வெளிச்சம் குறைவு என்று எனக்கு நானே சொன்னேன். விசரி! ஈர மண் கறுக்கும் என்று தெரியாதவளா நான்?

அடுத்த நாள் இரண்டு மணிக்கு, புதிதாகத் திறப்பதுபோல, தாரணியும் அமலனும் நிற்கத் திறந்தோம். கொண்டிஷன் ரிப்போர்ட் எழுதும்போது ஒருவர் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லவேண்டும், மற்றவர் எழுதவேண்டும். "நான் எழுதுறன், நீர் பாரும்," என்று தாரணியிடம் சொல்லிப் பேனையை எடுத்துக்கொண்டேன். பொம்மைகள் அப்போது நன்றாகத்தான் இருந்தன. உப்புப் பூக்க இரண்டு மூன்று நாள் வேண்டும்.

பெட்டிக்குள் தீப்பெட்டியளவில் ஒரு டேட்டா லொகர் இருந்தது. வழி முழுதும் வெப்பமும் ஈரமும் எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பதிந்துகொண்டு வருகிற கருவி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்ப்பது என் பொறுப்பு. ஏப்ரன் பொக்கற்றில் போட்டேன்.

4. நாலு நாள்

திங்கட்கிழமை பழம்பொருட்களைப் பழுதுபார்க்கிற ஒரு கன்சர்வேட்டர் அம்மாவை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். லென்ஸால் பார்த்துவிட்டு, மண் ஈரமாகிப் பிறகு காய்ந்திருக்கிறது, அல்லது காற்று திடீரென்று வறண்டிருக்கிறது, இரண்டில் ஒன்று என்றார். எல்லோரும் அமலனின் மெஷினைப் பார்த்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலம் ஈரப்பதம் ஐம்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அமலனின் போனுக்கு அலாரம் போயிருந்தது. அவன் அந்நேரம் ஒரு ஞானஸ்நான வீட்டில் நின்றான், போன் ஜாக்கெட்டுக்குள், ஜாக்கெட் காருக்குள்.

"அக்கா, லொகரை டவுன்லோட் பண்ணினீங்களா?" தாரணி கேட்டாள். "பெட்டிக்குள்ள எல்லாம் ஓகே எண்டு காட்டினா, மெஷின்தான் எண்டு ஷுவரா சொல்லலாம்."

"இன்னும் இல்லைப் பிள்ளை. செய்யிறன்."

செவ்வாய்க்கிழமை திரும்பக் கேட்டாள். பற்றறி செத்துப்போச்சு என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பொம்மை கொடுத்த இடத்திலிருந்து ஆள் வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன்பே, காரணம் என்ன, யாருடைய பிழை என்று எழுதி அனுப்பவேண்டும். இயக்குநர் வியாழன் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் என் பட்டறையில் தனியாக இருந்து லொகரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். வெப்பக் கோடு நேராக வந்து, போன வியாழன் ஐந்து நாற்பதுக்குச் செங்குத்தாய் ஏறியது. ஏழு மணிக்குத் திரும்ப வளைந்தது. ஒரு குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும், பெட்டி திறந்திருக்கிறது. லொகரின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழியும். பற்றறி செத்தது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. யாருக்கும் சந்தேகம் வராது.

பெருவிரலை வைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அழுத்தினேன். மூன்று எண்ணியிருப்பேன்.

"அக்கா, ஒருக்கா உள்ள வரலாமோ?"

அமலன். திரையை அணைத்து, லொகரைப் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் விட்டேன். அவன் கையில் ஒரு கட்டுப் பிரிண்ட்அவுட். கண் இரண்டும் சிவந்திருந்தது. மூன்று நாளாய் மெஷின் ரிப்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், நித்திரை இல்லை என்று தெரிந்தது.

"நான் எழுதிக் குடுக்கப் போறன் அக்கா. என்ர பிழைதான் எண்டு."

"என்ன உமக்கு விசரே?"

"நான் கணக்குப் போட்டுப் பாத்தன். மூண்டு மணித்தியால இறக்கத்துக்கு இவ்வளவு உப்பு வராதுதான். ஆனா வேற என்ன இருக்கு? பெட்டியை நீங்கள் சரியான நேரத்துக்குத்தானே திறந்தனீங்கள். நானும் பக்கத்தில நிண்டனான். அப்ப நான்தானே? வெள்ளிக்கிழமை வாற ஆளுக்கு முன்னால நிண்டு மழுப்பிறதிலும் பார்க்க ஒத்துக்கொண்டிட்டுப் போறது நல்லம்."

"எழுதாதையும்!" என்று கத்தினேன். அவன் திடுக்கிட்டுப் போனான். "சொல்லுறன், கேளும். ஒண்டும் எழுதாதையும்."

"நீங்கள் என்னில இரக்கப்படுறியள் அக்கா. தெரியும்," என்றான். சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குக் கூட்டத்தில, நான் கவனமான ஆள் எண்டு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. உங்கட சொல்லுக்கு மரியாதை இருக்கு."

அவன் போன பிறகு கதிரையில் இருந்து அழுதேன். அப்போதே பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதவேண்டும்.

5. கூட்டம்

வியாழன் பத்து மணிக்கு மேசையைச் சுற்றி நாலு பேர். இயக்குநர், தாரணி, அமலன், நான். இயக்குநர் பேச்சுக் குறைந்த மனிதர், வெள்ளைக்காரர், எப்போதும் பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார். அமலன் சேட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு வந்திருந்தான். வேலையைப் பறிகொடுக்க வருகிறவன் எதற்குக் கோட்டுப் போடவேண்டும்!

பெட்டி முறைப்படிதான் திறக்கப்பட்டது, ரிப்போர்ட் இருக்கிறது, லொகர் மட்டும் பழுது என்று தாரணி சொன்னாள். இயக்குநர் தலையாட்டினார். பிறகு அமலனைப் பார்த்து, சனிக்கிழமை நடந்ததுதான் இதற்குக் காரணம் என்று நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அமலன் கோட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். வாயைத் திறந்தான்.

"இல்லை," என்றேன் நான்.

தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். லொகரை மேசையில் வைத்தேன். பற்றறி நல்லாய்த்தான் இருக்கிறது, போன வியாழக்கிழமை ஐந்து நாற்பதுக்குப் பெட்டியைத் திறந்தது நான், தனியாகத் திறந்தேன், பதினொன்றையும் வெளியே எடுத்தேன். அமலனின் மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பென்சில் நின்றுவிட்டது. அமலன் தாளைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஏன் என்று இயக்குநர் கேட்டார்.

பிழையைச் சொல்வதைவிட இதுதான் கஷ்டமாய் இருந்தது. வெள்ளிக்கிழமையையும், விரதத்தையும், மகளின் வயிற்றையும் அந்த மனிதருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? இத்தனை நாள் வாயைப் பூட்டி வைத்ததில் பாதி பயம், பாதி இந்த வெட்கம். விஞ்ஞானம் படித்தவர்கள் நடுவில் என்னைப் படிக்காத பட்டிக்காடு என்று நினைப்பார்களே என்ற வெட்கம். தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

தாரணிதான் முதலில் பேசினாள். "அக்கா, வெள்ளிக்கிழமை தொடமாட்டன் எண்டு ஒரு ஈமெயில் போட்டிருக்கலாமே! வீ வுட் ஹாவ் மூவ்ட் இட்."

அதேதான் இயக்குநரும் சொன்னார். நோன்பு மாதத்தில் ஒருவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கிறோம், சனிக்கிழமை வேலை செய்யாத ஒருவர் இருக்கிறார், அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது, உங்கள் அளவெடுப்பைச் சனிக்கிழமைக்கு வைப்பதில் எங்களுக்கு என்ன கஷ்டம் என்றார். குரலை உயர்த்தவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஒன்றுக்காகத்தான் இவ்வளவையும் செய்தேன் என்பதை அந்த இடத்தில்தான் விளங்கிக்கொண்டேன். காது மடல் இரண்டும் சுட்டது.

6. பிறகு

ஆறு மாதம் என்னை எந்தப் பழம்பொருளையும் தொட விடவில்லை. வெறும் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தேன், ஃபோம் வெட்டினேன். நியாயம்தான். கன்சர்வேட்டர் அம்மா பத்துப் பொம்மையை ஓரளவு மீட்டுவிட்டார். ஏழாவதற்கு முகம் திரும்ப வரவில்லை, வரவும் வராது. மூவாயிரம் வருடம் தாக்குப்பிடித்த ஒன்று அழிய, என் கை பட்டு ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, சுகமாய் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொட்டிருந்தாலும் பிறந்திருக்கும் என்று இப்போது சொல்வேன். அன்றைக்குச் சொல்லியிருக்கமாட்டேன்.

அமலனுக்கு வெள்ளிக்கிழமையே நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள். சாப்பாட்டு அறையில் போய் அவனுக்கு முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சோற்றுப் பெட்டியை மூடினான்.

"பெட்டியைத் திறந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லை அக்கா," என்றான். "எங்கட அம்மாவும் பெரிய வெள்ளிக்கு ஒண்டும் தொடவிடமாட்டா. எனக்கு விளங்கும்."

"அப்ப?"

"நாலு நாள் நான் மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு, ஒவ்வொரு வால்வா, ஒவ்வொரு சென்சரா, நான் எதில பிழை விட்டனான் எண்டு தேடினன். வீட்டில பிள்ளையள் கூப்பிட்டாலும் கேக்கேல்லை. கடைசியில, பத்து வருசமாச் செய்யிற தொழில் எனக்குத் தெரியாது போல எண்டு மனிசியிட்டச் சொன்னன். நீங்கள் கீழ்மாடியில இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியும்."

அவன் சோற்றுப் பெட்டியைத் திரும்பத் திறந்து சாப்பிடத் தொடங்கினான், நான் வெளியே வந்தேன். பிறகு பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். மரியாதை குறையவில்லை, பகிடியும் விட்டான். ஆனால் ஒரு சந்தேகம் வந்தால் "அக்கா, சரியோ?" என்று என்னிடம் கேட்கிற பழக்கம் அன்றோடு நின்றுபோனது. தாரணியிடம் போய்க் கேட்பான்.

பிள்ளைகளே, சாமான் உடையும். எவ்வளவு கவனமாய் இருந்தாலும் ஒருநாள் உங்கள் கையிலும் உடையும். உடைந்தால் அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லுங்கள், காரணம் எவ்வளவு வெட்கக்கேடாய் இருந்தாலும் சொல்லுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் பக்கத்து அறையில் ஒருவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். பொம்மைக்காக என்னை மன்னித்துவிட்டார்கள். அந்த நாலு நாளுக்காக நான் இன்னும் யாரிடமும் மன்னிப்புப் பெறவில்லை.